கடைசிப் பக்கம் காட்டு

நான் எழுதிய முதல் கவிதை நாற்பத்திரண்டு வரி. அதில் நாற்பத்தோரு வரியை அக்கா ரிஜெக்ட் செய்துவிட்டார்.

அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். டியூஷனில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்த ஒரு பெண்ணுக்காக எழுதியது. அப்படி ஒருவன் பின்னால் உட்கார்ந்திருப்பதே அவளுக்குத் தெரியாது. கவிதைக்கு அதெல்லாம் ஒரு தடையா என்ன? நிலா இருந்தது, தேவதை இருந்தாள், இரண்டு இடத்தில் மழை பெய்தது, ஓரிடத்தில் நான் செத்தும் போயிருந்தேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கி எழுதிக்கொண்டே வந்து, டிரிக்னாமெட்ரி எதிரில் வந்து மறித்த இடத்தில் முடித்திருந்தேன்.

அக்கா எங்கள் லைன் வீட்டில் மூன்றாம் நம்பர். ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் எட்டு வீடு, ஒரு குழாய். நாங்கள் குருபரப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். எதிர்வீட்டு மஞ்சு குடும்பம் ஜவளகிரிக் காட்டோரத்திலிருந்து வந்தது, வீட்டில் கன்னடம். குழாயடிச் சண்டை கன்னடத்தில் தொடங்கி, தெலுங்கில் உச்சத்துக்குப் போய், தமிழில் சமாதானமாகும். அக்காவுக்குச் சொந்த ஊர் நாட்றாம்பாளையம். கூட வேலை செய்கிற இரண்டு பெண்களோடு ஓர் அறையில் இருந்தார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும். வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். வரிசையாக வருகிற பீஸ்களைப் பார்த்து, ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட் என்று மூன்று கலர் அட்டையில் ஒன்றைக் கட்டிவிடுவதுதான் வேலை. ரீவொர்க் என்றால் மஞ்சள் அட்டை. திருத்தினால் தேறும் என்று அர்த்தம்.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து, யூனிபார்ம்கூட மாற்றாமல் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வதாக நடித்துக்கொண்டிருந்தேன்.

"கடைசிப் பக்கம் காட்டு."

"எதுக்குக்கா?"

"முன்னாடி பக்கமெல்லாம் வாத்தியாருக்கு எழுதறது. அத நான் என்னாத்துக்குப் பாக்கணும்?"

கொடுத்தேன். பாராட்டை வாங்கிக்கொள்ள வசதியாக முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன். அக்கா கட்டைவிரல் நகத்தை வரிக்குக் கீழே வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். கம்பெனியில் பீஸின் விளிம்பை அப்படித்தான் தடவுவாராம். கண்ணுக்குத் தெரியாத பிசிறு நகத்துக்குத் தெரியுமாம்.

"இந்த நிலா யார்து?"

"என்னுதுதான்க்கா."

"பொய் சொல்லாத. இது வெளியில வாங்கின பார்ட்டு."

கம்பெனியில் தாங்களே செய்கிற பாகம் உண்டு, வெளியில் ரெடிமேடாக வாங்கி மாட்டுகிற பாகமும் உண்டு. என் தேவதை வெளியில் வாங்கியவள். மழை இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. "சரி, செத்துப் போனியே, அதாவது உன்னுதா?" என்று கேட்டபோது காலைச் சொறிந்துகொண்டேன். நகம் போய்க்கொண்டே இருந்தது. இருபத்தொன்பதாவது வரியில் நின்றது.

டியூஷன் பெண்ணின் துப்பட்டா வாசத்தை வர்ணிக்கப் போய், அதற்கு நேர்மாறாக எங்கள் வீட்டு வாளியை உள்ளே இழுத்திருந்தேன். 'அப்பா சட்டையை அம்மா மூணு தண்ணியில அலசுறா, மூணாவது தண்ணியிலும் கம்பெனி வருது.' அப்பாவுக்கு கிரைண்டிங் வேலை. கூலன்ட் ஆயில் நாற்றம் சட்டையை விட்டுப் போகாது.

"இது?"

"அது சும்மாக்கா. அழகா இல்ல, அடிச்சிடலாம்னு இருந்தேன்."

"அடிச்சே, கைய ஒடிப்பேன். இது ஒண்ணுதான்டா நீ பண்ணது."

யூனிபார்ம் பாக்கெட்டிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து, நோட்டின் கம்பியில் கட்டிக் கையில் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உலகத்தில் எந்தக் கவிஞனுக்காவது பிரேக் டிரம்முக்குக் கட்டுகிற அட்டையைக் கட்டியிருப்பார்களா? அந்தக் கோபத்திலேயே எங்கள் வாளியைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் எழுதினேன். அதில் நாலு வரி தேறியது. முன்னேற்றத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

அக்கா ஒருநாளும் 'நல்லாருக்கு' என்று சொன்னதில்லை. கேட்டால், "நல்லாருக்குன்னு சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. எந்த எடத்துல நல்லாருக்குன்னு சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல" என்பார். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை நோட்டைத் திருப்பித் தர மாட்டார். எல்லாப் பொருளையும் அப்படித்தான் பார்ப்பார். காய்கறி வண்டிக்காரர் அவரைக் கண்டாலே தக்காளிக் கூடைமேல் துணியைப் போட்டு மூடுவார். மார்கழியில் எட்டாம் நம்பர் மாமி இரண்டு மணி நேரம் குனிந்து போட்ட கோலத்தை, ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் ஒரு பார்வை பார்த்து, "ஏழாவது வரிசையில ஒரு புள்ளி குறையுது மாமி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். மாமி எண்ணிப் பார்த்தார். குறைந்தது. ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

ஒருமுறை ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். லைன் வீடே ஜன்னல் ஜன்னலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்து ஏதாவது கேளும்மா என்றார்கள். "உங்க வாட்சு பத்து நிமிஷம் பின்னாடி ஓடுது" என்றார் அக்கா. அவர்களும் அந்த வாட்ச்சும் அப்படியே நாட்றாம்பாளையம் திரும்பிவிட்டார்கள். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஓடுச்சேடா" என்றார்.

எங்கள் லைனில் பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுக்குள் அகப்பட்ட எல்லோருடைய கடைசிப் பக்கமும் அவருக்குத் தெரியும். சிவப்பு அட்டை யாருக்கும் கட்டியதில்லை. பச்சையும் கட்டியதில்லை. எல்லாம் மஞ்சள்தான். இப்போது நான் ஒரு தொழிற்சாலையில், மெஷினுக்கு மேலே மாட்டுகிற வேலைக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொடுக்கிறேன். 'கையுறை அணிந்த பின்னரே கதவைத் திறக்கவும்' மாதிரி. என் படைப்புகள் எல்லாம் லேமினேட் செய்யப்பட்டு, தினமும் பல நூறு பேரின் கண்முன்னால் தொங்குகின்றன. ஒருத்தரும் படிப்பதில்லை. ஆனால் அதிலும் வெளியில் வாங்கின வார்த்தை ஒன்று உட்கார்ந்திருந்தால் எனக்கு அரிக்கும்.

மஞ்சு என் வகுப்பு. பேசவே மாட்டாள். ஆனால் வகுப்பில் பாதிப் பேருடைய உயிரியல் ரெக்கார்டு நோட்டில் படம் போட்டது அவள்தான். ஆளுக்கு ஒரு தேன்மிட்டாய். அவள் எனக்குப் போட்டுக் கொடுத்த தவளைக்கு அவளுடைய தவளையைவிட இரண்டு மார்க் கூடுதலாகக் கிடைத்தது. அதற்காக அவள் என்னைத் திட்டக்கூட இல்லை, முறைத்ததோடு சரி.

ஒருநாள் அக்கா அவளையும் மடக்கினார். "கடைசிப் பக்கம் காட்டு."

கடைசிப் பக்கம் முழுவதும் கைகள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற கை. பூக்கார அம்மா நூலை இழுக்கிற கை. ஸ்கூட்டர் பஞ்சர் ஒட்டுகிற கை. முகமே கிடையாது, மணிக்கட்டோடு எல்லாரும் முடிந்துவிட்டார்கள். அக்கா நகத்தை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "டேய் கவிஞரே, இங்க வந்து பாரு. ஒரு பார்ட்டும் வெளியில வாங்கினதில்ல" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. மஞ்சு நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஆனால் மறுநாள் மூன்று மணிக்கு அவளே அதைக் கொண்டுவந்து நீட்டினாள்.

மஞ்சுவின் அப்பாவும் அக்காவின் கம்பெனிதான். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே ஃபேமிலி டே நடக்கும். தொழிலாளர் குடும்பமெல்லாம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அந்த வருஷம் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தார்கள். தலைப்பு: பாதுகாப்பு. வீட்டில் வரைந்து கொடுக்கலாம், கேன்டீனில் கயிறு கட்டி மாட்டுவார்கள்.

"ஹெல்மெட் போட்ட மாமா சிரிக்கிற மாதிரி நூறு படம் வரும்" என்று அக்கா மஞ்சுவிடம் சொன்னார். "உனக்குத் தெரிஞ்ச பாதுகாப்பு எதுவோ, அத வரை."

ஒரு வாரம் கழித்து மஞ்சு கொண்டுவந்தாள். பென்சில் படம். ஒரு கை, தரையில் கழற்றிப் போட்ட ஒரு கையுறை. அந்தக் கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. கையுறையில் அந்த இரண்டு விரலும் காலியாகத் தொங்கி எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, உள்ளே மடித்துக் கறுப்பு நூலால் தைத்திருந்தது.

அது மஞ்சுவின் அப்பாவுடைய வலது கை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வேறொரு பட்டறையில், பிரஸ் மெஷினில் போனது. அதன் பிறகு இந்தக் கம்பெனி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் முன்னால் அந்தக் கை பேண்ட் பாக்கெட்டில் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு ஃபைலுக்கு அடியில் இருக்கும். எங்கள் லைனிலேயே இடது கையால் குடம் தூக்குகிற மனிதர் என்றுதான் அவரை நினைத்துக்கொண்டிருந்தோம்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். நகம் எங்கேயும் நிற்கவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அட்டை எதுவும் கட்டவில்லை. தானே ஒரு பெரிய கவர் வாங்கி, படத்தை மடங்காமல் உள்ளே வைத்து, மறுநாள் கம்பெனியில் கொடுத்துவிட்டார்.

ஃபேமிலி டே அன்றைக்கு நாங்களும் போனோம். என் அப்பா வேறு கம்பெனி. ஆனாலும் பிரியாணி என்றால் நான் யாருக்கு வேண்டுமானாலும் குடும்பம். மஞ்சுவின் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், மனைவி மகளோடு கேன்டீனுக்குள் வந்தார். கயிற்றில் வரிசையாக ஹெல்மெட் மாமாக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவருடைய கை.

முன்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பையன்களில் ஒருவன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஸ்டோரில் அவரோடு வேலை செய்கிறவர் திரும்பி அவரைப் பார்த்து, "யோவ், இது உன் கைதானே? உன் பொண்ணு போட்டதா? சூப்பரப்பா!" என்றார். கெட்ட எண்ணமே இல்லாமல், நிஜமான சந்தோஷத்தோடு, கேன்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி. எல்லாத் தலையும் அவருடைய பாக்கெட்டைப் பார்த்துத் திரும்பியது.

மஞ்சுவின் அப்பா நேராகப் போனார். இடது கையால் கிளிப்பை எடுத்தார். படத்தைப் பார்க்காமலே நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சாப்பிடாமல் வெளியே போய்விட்டார். பின்னாலேயே மஞ்சுவும் அவள் அம்மாவும் போனார்கள். அக்கா பரிசுமேஜைப் பக்கம் நின்றிருந்தார். அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் எதிர்வீட்டில் சத்தம் கேட்டது. அதிகமில்லை, ஒரே வாக்கியம்தான். "என் கைய ஊருக்குக் காட்டத்தான் உன்ன படிக்க வெச்சனா?" அதற்குப் பிறகு மஞ்சு பென்சிலைத் தொடவில்லை. கடைசிப் பக்கங்களைக் கிழித்துப் போட்டாள். ரெக்கார்டு நோட்டோடு வந்தவர்களிடம், "இனிமே போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் பேசி நாங்கள் கேட்ட மிக நீளமான வாக்கியம் அதுதான். என் மண்புழுவை நானே வரைய வேண்டி வந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ரயிலா?" என்றார். வகுப்பு சிரித்தது. மஞ்சு சிரிக்கவில்லை.

அக்கா இரண்டு நாள் லீவு போட்டார். லீவு போட்டு நான் பார்த்ததே இல்லை. மூன்றாம் நாள் என்னிடம் சொன்னார்: "கம்பெனி லைன்ல ஒரு சின்ன பீஸ மாத்தணும்னா நாலு பேர்கிட்ட கையெழுத்து வாங்குவேன்டா. கஸ்டமர்கிட்ட கேக்காம ஒரு நட்டக்கூட மாத்த மாட்டேன். அந்த மனுஷன் கைய எடுத்து கயித்துல மாட்டறப்ப, அவர ஒரு வார்த்தை கேக்கணும்னு எனக்குத் தோணல பாரு."

"படம் நல்லாருந்துச்சுதானேக்கா?"

"அதுதான்டா வெனையே. படத்தையே பாத்துட்டு இருந்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் மஞ்சுவின் அப்பாவைப் பார்த்துப் பேசினார். நான் குடம் வைக்கிற சாக்கில் பக்கத்தில் நின்றேன். லைன் வீட்டில் ரகசியம் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது, அதைவிட மோசமான இடமும் கிடையாது.

"அண்ணா, தப்பு என்னுது. உங்கள கேட்டிருக்கணும். கேக்கல. அவளுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன், உனக்குத் தெரிஞ்சத வரைன்னு. கோபத்த என்மேல வெச்சுக்கங்க. அவள வரைய வேணாம்னு சொல்லாதீங்க."

அவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பீஸ் பாக்கற பொண்ணும்மா. பாத்துட்ட. போ" என்றார்.

அக்கா போனார். அதற்கப்புறம் வாசலில் உட்காருவதை நிறுத்திவிட்டார். யாரிடமும் கடைசிப் பக்கம் கேட்கவில்லை. நான் ஒரு கதை எழுதி, முழுவதும் நானே செய்த பாகம் என்று பெருமையோடு கொண்டுபோனேன். "இப்ப வேணான்டா" என்றார். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னைத் திட்டாமல் இருந்து நான் வருத்தப்பட்டதில்லை.

ஒரு மாதம் இருக்கும். மஞ்சுவின் அப்பா ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், எங்கள் வாசலில் நின்றார். வீட்டில் நான் மட்டும்தான்.

"அன்னிக்கு நீ பாத்தியாப்பா, அந்தப் படத்த?"

"பாத்தேன்ண்ணா."

"எப்படி இருந்துச்சு?"

எனக்கு விளங்கவில்லை. "நீங்க பாக்கலையா?"

"எங்க பாத்தேன். எல்லாரும் பாத்தானுங்க. நான் மடிச்சிட்டேன்." சட்டைப்பையைத் தொட்டார். "பிரிக்கத் தெம்பில்ல."

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஒரு ஜோக் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அன்றைக்கு ஜோக்கை விட்டுவிட்டேன். நல்லாருந்துச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்களே என்று நினைவு வந்தது.

"அந்தத் தையல்ண்ணா" என்றேன். "கையுறையில விரல மடிச்சுத் தெச்சிருக்கில்ல, அந்த எடம். ஒவ்வொரு நூலும் தனித்தனியாத் தெரியும். ஒரு எடத்துல நூல் அறுந்து, மறுபடி மேல தெச்சிருக்கு. அதக்கூட விடல. அந்தத் தையல போட்டவங்க எவ்ளோ பொறுமையா போட்டிருக்காங்கன்னு தெரியும். கைய யாரும் பரிதாபமாப் பாக்க மாட்டாங்கண்ணா. நான் பாக்கல. எனக்கு, இந்தக் கைக்கு வீட்ல ஆள் இருக்குன்னுதான் தோணுச்சு."

அவர் என் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்துப் பிரித்தார். இடது கையால் மட்டும் பிரிக்க முடியவில்லை. வலது கையும் வெளியே வந்து மறு ஓரத்தைப் பிடித்தது. மடிப்பு விழுந்த இடத்தில் பென்சில் அழிந்திருந்தது. அந்தத் தையலை விரலால் தடவி, "ரெண்டாந்தரம் தெச்சது தீபாவளிக்கு முந்தின நாளு" என்றார். "அவளுக்குக் காய்ச்சல் அன்னிக்கு." மனைவியைச் சொல்கிறார் என்பது எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷேவ் செய்து, திருநீறு வைத்து, அதே இஸ்திரிச் சட்டையில் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மஞ்சுவைக் கூப்பிட்டு, "என்ன வரை. மொகம் மட்டும்" என்றார். வலது கை தொடைக்கு அடியில் இருந்தது.

மஞ்சு அவரையே பார்த்தாள். உள்ளே போனாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பென்சிலும் கிளிப் உடைந்த பரீட்சை அட்டையும் எடுத்துக்கொண்டு வந்து, அவர் காலடியிலேயே உட்கார்ந்தாள்.

லைன் வீடே கூடிவிட்டது. எட்டாம் நம்பர் மாமி, "மூக்கு இன்னும் கொஞ்சம் பெருசு" என்று யோசனை சொன்னார். மஞ்சு அவரை முறைத்தாள். என் தவளைக்கு முறைத்ததைவிடப் பலமாக. ஒரே ஓர் ஆள் மட்டும் கூட்டத்தில் இல்லை. அக்கா குழாயடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய குடத்தை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

நான் ஓடினேன். "அக்கா, வரையறா! வந்து பாருங்க!"

"நீ கூப்பிட்டா ஆச்சாடா?" என்றார், திரும்பாமல். "நீ போய்ப் பாரு."

அரைமணி நேரம் ஆயிற்று. வேர்வை வழிந்தது மஞ்சுவின் அப்பாவுக்கு. அசையாமல் உட்காருவது ஸ்டோரில் மூட்டை அடுக்குவதைவிடக் கஷ்டம் என்று முகத்திலேயே தெரிந்தது. அப்போது மெயின் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி போனது. காற்றடித்து அட்டையில் இருந்த காகிதம் எழும்பியது. பறக்கப் போகிற நொடியில் தொடைக்கு அடியிலிருந்த கை பாய்ந்து வந்து, மூன்று விரலால் அதை அமுக்கிப் பிடித்தது.

மாமி பேச்சை நிறுத்தினார். கை வெளியே வந்திருப்பது மஞ்சுவின் அப்பாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. கையை இழுக்கப் பார்த்தார்.

"அப்பா, எடுக்காத" என்றாள் மஞ்சு. அவள் அப்பாவை அதட்டி நாங்கள் கேட்டதில்லை. "அப்படியே இரு. நீ அசைஞ்சா எனக்குக் கோடு போயிடும்."

அவர் எடுக்கவில்லை. காகிதத்தின் ஓரத்தில் அந்தக் கை இருந்தது, நடுவில் அவர் முகம் வளர்ந்துகொண்டிருந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்கிற மாதிரி அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பிறகு, தலையைத் திருப்பாமல், மகள் திட்டுவாளே என்று உதட்டை மட்டும் அசைத்து, குழாயடிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, அங்கயே நின்னுட்டு என்ன பண்ற? வா, வந்து பாரு."

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. மஞ்சு அட்டையை அவர் பக்கம் திருப்பினாள். அக்கா அதைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவருக்கு எதிரே குனிந்து, அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"பாக்கட்டுமாண்ணா?"